திருமண ஊர்வலத்தில் மணமகனைச் சுமக்கும் குதிரை: ஏற்பாடு செய்யலாமா, வேண்டாமா?

கேள்வி: ஆர்.கே.புரம் அம்மா

அனைவருக்கும் வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தில்லியில் இருக்கிறோம். வருகிற தை மாதத்தில் என் மகனுக்குத் திருமணம். பெண் வீட்டார் ரஜோரி கார்டனில் வசிக்கும் பஞ்சாபிக் குடும்பத்தினர். காலையில் நம் முறைப்படி தாலி கட்டுவது, மாலையில் அவர்கள் முறைப்படி பாராத் ஊர்வலம் நடத்தி அக்கினியை வலம் வருவது என்று இரு வீட்டாரும் மனமொத்து முடிவு செய்திருக்கிறோம். பாராத் என்றால் மணமகன் பெண்குதிரையின் மீதேறித்தான் வர வேண்டும் என்று சம்பந்தியம்மா மிகவும் ஆசைப்படுகிறார். மணமகனின் சகோதரிகள் அந்தக் குதிரைக்கு ஊறவைத்த கடலைப்பருப்பை ஊட்டி, கடிவாள வாரை அலங்கரித்து, அதைப் பிடித்துக்கொண்டு அண்ணனிடம் பரிசு கேட்பார்களாம். கேட்க எனக்கும் இனிமையாகத்தான் இருந்தது. நம் வீடுகளிலும் ஜானவாசத்துக்கு மாப்பிள்ளையைச் சாரட்டில் அழைத்து வந்த காலம் உண்டு. என் மாமனாருக்குக் கும்பகோணத்தில் அப்படித்தான் நடந்தது என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் சென்ற குளிர்காலத்தில் மகனின் நண்பனுடைய பாராத்துக்குப் போயிருந்தபோது நான் கண்ட காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. டோல் என்னும் பெரிய மேளத்தோடு இருவர் குதிரையின் காதை ஒட்டி நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு வரிசைக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வண்டி பின்னால் உறுமிக்கொண்டு வந்தது. குதிரையின் வாயோரத்து நுரையில் சிவப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தது. அதன் கண்ணில் வெள்ளை விழி தெரிந்ததை நான் பார்த்தேன். சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

என் மகன் எண்பத்தெட்டு கிலோ எடை உள்ளவன். அவனுக்கு முன்னால் என் மகளின் ஐந்து வயதுப் பையனையும் உட்கார வைப்பது வழக்கமாம். பல ஆண்டுகளாக இதே வேலையைச் செய்யும் குதிரைகளுக்கு இவையெல்லாம் பழகிப்போய்விடுமா, அல்லது பழகியது போல நமக்குத் தோன்றுகிறதா? சம்பந்தியம்மாவின் மனம் நோகாமலும் அந்தப் பிராணிக்குத் துன்பம் இழைக்காமலும் இதை நடத்த வழி உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: மாட்டுங்காவிலிருந்து துவாரகா

அம்மா, வேண்டாம் என்பதே என் கருத்து. நான் மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவன். சிறு வயதில் அப்பா மாதத்துக்கு ஒருமுறை எங்களை மெரின் டிரைவுக்கு அழைத்துச் சென்று, வெள்ளித் தகடு பதித்த விக்டோரியா என்னும் குதிரை வண்டியில் ஏற்றி ஒரு சுற்று அழைத்து வருவார். அந்த மகிழ்ச்சியை நான் மறக்கவில்லை. ஆனால் வளர்ந்த பிறகு, அந்தக் குதிரைகள் பகலில் எங்கே நிற்கின்றன, எதைத் தின்கின்றன என்று நேரில் பார்த்தபோது அது துயரமாக மாறிவிட்டது. மனிதரின் கேளிக்கைக்காக மட்டும் அவ்வண்டிகளை ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பானது என்று மும்பை உயர் நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. பிறகு அதே வடிவத்தில் மின்சார வண்டிகள் வந்தன. பழைய தில்லியின் டாங்கா என்னும் குதிரை வண்டிகளும் 2010-இல் நிறுத்தப்பட்டுவிட்டன. பயணத்துக்கே தேவைப்படாத குதிரையை இருநூறு மீட்டர் ஊர்வலத்துக்காக இரைச்சலில் நிறுத்துவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை. பூ அலங்காரம் செய்த பழைய கார் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மாவிடம் நீங்களே நேரில் பேசினால் அவர் புரிந்துகொள்வார்.

பதில்: ஜட்காக்காரர் பேரன், லக்ஷ்மி நகர்

துவாரகா நண்பரின் இரக்கம் எனக்குப் புரிகிறது. அவர் முடிவோடு மட்டும் என்னால் உடன்பட முடியவில்லை.

என் தாத்தா காட்பாடி ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். காலையில் குதிரைக்கு வேகவைத்த கொள்ளு வைத்துவிட்டுத்தான் தாம் சாப்பிட உட்காருவார். ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்து, இடுக்கில் சிக்கிய கல்லை நெம்பி எடுப்பார். குதிரை நொண்டினால் அன்று வண்டி கட்ட மாட்டார். அன்று வீட்டில் கஞ்சிதான். சவுக்கால் அடித்ததே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அடித்ததை நானே பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அந்த உறவில் இரண்டு உயிர்களின் பிழைப்பு ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தது. காந்தி நகரில் ஒரு வீட்டுப் பாட்டி வெல்லக்கட்டி கொடுப்பார் என்பதால், சவாரியோடு போகும்போதும் குதிரை அந்த வாசலில் தானாகவே நின்றுவிடும். தாத்தா இறங்கிப் பயணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வெல்லம் வந்த பிறகுதான் வண்டியை நகர்த்துவார்.

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3.4 லட்சம்தான், 2012-ஐ விட 45 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. வேலையில்லாத குதிரை ஓய்வு பெற்றுப் புல்வெளியில் மேய்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தீனிக்குக் காசில்லாதவர் அதைக் கைமாற்றி விடுவார். தில்லியைச் சுற்றியுள்ள செங்கல் சூளைகளில் கழுதைகளோடும் கோவேறு கழுதைகளோடும் சேர்ந்து சுமை இழுக்கும் குதிரைகளை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். நல்ல பராமரிப்பாளரைத் தேடி, அவர் கேட்கும் கூலிக்கு மேல் கொடுத்து, நாம் சொல்லும் நிபந்தனைப்படி நடத்தச் செய்வது அவருக்கும் குதிரைக்கும் பயன்படும்.

குதிரையேற்றத்தை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதற்கும் எனக்கு மனம் வரவில்லை. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் தலித் மணமகன் குதிரை ஏறினான் என்பதற்காகக் கல்லெறியும் செய்திகள் இன்றும் வருகின்றன. குதிரையின் முதுகில் இருக்கும்போது ஒரு மனிதன் எத்தனை உயரமாகத் தெரிகிறான் என்பது அவனைத் தடுப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். இது உங்கள் கேள்விக்கு நேரான பதில் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதில்: பாலம் காலனி, ஓய்வுபெற்ற ராணுவத்தினர்

சகோதரிக்கு வணக்கம். ராணுவத்தின் ரிமௌண்ட் மற்றும் கால்நடைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுவதும் குதிரைகளோடுதான் வாழ்ந்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

பழகிப்போய்விடுமா என்ற உங்கள் கேள்விதான் முக்கியமானது. குதிரை வேட்டையாடும் விலங்கு இல்லை, வேட்டையாடப்பட்ட விலங்கு. ஆபத்து என்று தோன்றினால் ஓடுவதே அதன் தற்காப்பு. தலையின் இரு பக்கங்களிலும் கண்கள் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் அது பார்க்கும்; ஆனால் நெற்றிக்கு நேர் முன்னேயும் வாலுக்கு நேர் பின்னேயும் அதற்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறும்போது அதன் கண் பழகிக்கொள்ள நம்மைவிட அதிக நேரம் ஆகும். நம் செவிக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளும் அதற்குக் கேட்கும். இனி நீங்கள் பார்த்த காட்சியை எண்ணிப் பாருங்கள்: பார்வைக்கு எட்டாத பின்புறத்தில் ஜெனரேட்டர், காதருகில் டோல், மின்னி மின்னி அணையும் விளக்குகள், ஓடுவதற்கு வழியே இல்லாத கூட்டம். அந்த இடத்தில் அசையாமல் நிற்கும் குதிரை அமைதியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓடியும் பயனில்லை என்று கற்றுக்கொண்டு ஒடுங்கிப்போன குதிரையும் அசையாமல்தான் நிற்கும்.

உண்மையாகவே பழகிய குதிரைகளும் உண்டு. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படையில் இருந்த விராட் என்ற குதிரையைத் தில்லிவாசிகள் பலரும் அறிவார்கள். பதின்மூன்று முறை குடியரசு தின அணிவகுப்பில் நடந்து, 2022 ஜனவரி 26 அன்று ஓய்வு பெற்றபோது குடியரசுத் தலைவரும் பிரதமரும் அதைத் தட்டிக்கொடுத்து வழியனுப்பினார்கள். பீரங்கி முழக்கத்துக்கும் வாத்தியத்துக்கும் நடுவே அத்தகைய குதிரைகள் நிற்கின்றன என்றால், அதற்குப் பின்னால் பல மாதப் பயிற்சி இருக்கிறது. முதலில் ஒலியைத் தொலைவில் எழுப்ப வேண்டும். குதிரை காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு மீண்டும் தீனிக்குத் தலையைக் குனிந்தால்தான் மறுநாள் சற்று அருகில் எழுப்ப வேண்டும். பழைய குதிரை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தினால் புதியது அதைப் பார்த்துத் தைரியம் கொள்ளும். இந்தப் பொறுமையைத் திருமணச் சந்தையில் எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பதுதான் கவலை.

வாயில் நீங்கள் கண்ட சிவப்புக் கோட்டுக்கு வருகிறேன். குதிரை உடனே அடங்க வேண்டும் என்பதற்காகச் சிலர் கூர்முனைகள் பதித்த கடிவாளத்தைப் போடுகிறார்கள். இங்கே அதைக் காண்டேவாலா லகாம் என்பார்கள். இழுக்கும்போதெல்லாம் நாக்கையும் உதட்டையும் அது கிழிக்கும். 1965-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் விதிகள் அதைத் தடை செய்துவிட்டன. எனவே குதிரையை அமர்த்தும் முன், குதிரையைப் பராமரிக்கும் சைஸை அழைத்துக் கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரும்புக் கம்பியின் மீது உங்கள் விரலை ஓட்டிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டும். உதட்டோரத்தில் தழும்பு இருந்தால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது எடை. ஊர்வலத்துக்கு வரும் மார்வாரி இனச் சாயலுள்ள குதிரை சுமார் 380 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகன் 88, பேரன் ஏறக்குறைய 16, ஜரிகைத் துணியோடு சேணம் குறைந்தது 10. ஆக 114 கிலோ. இது குதிரையின் எடையில் முப்பது விழுக்காடு. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் எட்டுக் குதிரைகளை வைத்து நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இருபது விழுக்காடு வரை பெரிதாகத் துன்பம் தெரியவில்லை. இருபத்தைந்திலும் முப்பதிலும் தசைவலி தெளிவாகத் தெரிந்தது. பாராத்தில் குதிரை ஓடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் நெடுநேரம் சுமையோடு நிற்பது நடப்பதைவிடக் கடினம். மேலே இருப்பவர் பாட்டுக்குத் தகுந்தபடி ஆடத் தொடங்கினால் சேணம் முதுகெலும்பின் மேட்டில் உராய்ந்து புண்ணாக்கும். பேரனை ஏற்ற வேண்டாம். குழந்தையின் பாதுகாப்புக்கும் அதுவே நல்லது. மகன் முதலில் எல்லோருடனும் நடந்து வரட்டும். மண்டப வாசலுக்கு முன்னால் உள்ள கடைசிப் பகுதியில் மட்டும், ஒரு மேடையிலிருந்து, குதிரையின் இடப்பக்கமாக ஏறட்டும். தரையிலிருந்து அங்கவடியில் காலூன்றி எம்பி ஏறினால் முதுகு ஒரு பக்கமாக முறுக்கப்படும்.

பளிங்கும் ஈரமான கோட்டா கல்லும் பதித்த நுழைவாயிலில் லாடம் வழுக்கும். அங்கே தேங்காய்நார் விரிப்பு போடச் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் ஒரே குதிரையை மூன்று, நான்கு திருமணங்களுக்கு ஓட்டுவார்கள் என்பதால், அன்று இந்த ஒரு நிகழ்ச்சிக்கு மட்டும் வர வேண்டும் என்று பேசி, அதற்கான கூலியைக் கொடுத்துவிடுங்கள். டோல் குதிரைக்கு முன்னால், அது பார்க்கக்கூடிய இடத்தில், குறைந்தது பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். வெடியும் காகிதம் தூவும் துப்பாக்கியும் வேண்டவே வேண்டாம். கிளாண்டர்ஸ் என்னும் நோய் குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றக்கூடியது. அந்த நோய் இல்லை என்ற இரத்தப் பரிசோதனைச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். முறையாக வளர்ப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அன்று மாலை யாராவது ஒருவர் குதிரையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். காதுகள் தளர்ந்து அங்குமிங்கும் திரும்பினால் நலம். பிடரியோடு ஒட்டிக்கொண்டால் அது சினம் அல்லது வலி. மூக்குத் துளை விரிந்து இறுகினாலும், வால் ஓயாமல் சுழன்றாலும், குளிரில் கழுத்து வியர்த்தாலும் உடனே மகனை இறக்கிவிடுங்கள். அப்படிச் செய்வேன் என்று இப்போதே மகனிடம் சொல்லி வைத்துவிடுங்கள்.

பதில்: முனிர்கா, ஆராய்ச்சி மாணவி

ஐயா எழுதியதைப் படித்த பிறகு, இந்த உறவின் பழைய வரலாற்றைப் பற்றி ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. பண்டைய குதிரைகளின் எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து ஆராய்ந்த அறிவியலாளர்கள், இன்று உலகெங்கும் உள்ள வளர்ப்புக் குதிரைகளின் மூலம் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளிகள்தான் என்று 2021-இல் அறிவித்தார்கள். சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து அவை மிக வேகமாகப் பரவியிருக்கின்றன. அந்த வம்சத்தில் இரண்டு மரபணுக்கள் சிறப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கான தடயம் கிடைத்தது. ஒன்று முதுகெலும்பின் வலுவோடு தொடர்புடையது. மற்றொன்று அச்சத்தையும் பதற்றத்தையும் கட்டுப்படுத்துவதோடு தொடர்புடையது. நம்மைச் சுமக்கும் முதுகையும் நம்மைச் சகிக்கும் மனத்தையும் தலைமுறை தலைமுறையாக நாமே பொறுக்கி எடுத்து வளர்த்திருக்கிறோம் என்றால், அந்தச் சகிப்புத் தன்மையைக் காரணம் காட்டி மேலும் சுமத்துவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

மற்றொன்று அக்காவின் மகனுக்குப் பயன்படக்கூடியது. குதிரை நம்மைக் கூர்ந்து படிக்கும். ஸசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 28 குதிரைகளுக்கு முன்பின் அறியாத மனிதரின் நிழற்படங்களைக் காட்டினார்கள். சினந்த முகத்தைக் கண்டபோது குதிரைகள் இடக்கண்ணால் பார்ப்பதை அதிகம் நாடின; இதயத் துடிப்பும் விரைந்தது. சுவீடனில் 2009-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், குதிரையை நடத்திச் செல்பவரிடம், அடுத்த சுற்றில் திடீரென்று ஒரு குடை விரிக்கப்படும் என்று சொன்னார்கள். உண்மையில் குடை விரிக்கப்படவே இல்லை. குதிரை மிரண்டுவிடுமோ என்று மனிதரின் நெஞ்சு படபடத்தது. கூடவே குதிரையின் நெஞ்சும் படபடத்தது. ஆகவே வாழ்நாளில் முதன்முறையாகத் திருமணத்தன்று பதற்றத்தோடு குதிரையில் ஏறும் ஒருவர், தம் பதற்றத்தை அதனிடமும் கொடுத்துவிடுவார். முடிந்தால் அதே குதிரையிடம் இரண்டு மூன்று முறை முன்கூட்டியே போய் வரச் சொல்லுங்கள். ஏற வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் நின்று கழுத்தைத் தடவிக்கொடுத்து, தம் மணத்தையும் குரலையும் அது அறியச் செய்தால் போதும்.

மீண்டும்: ஆர்.கே.புரம் அம்மா

நேரம் ஒதுக்கி எழுதிய உங்கள் அனைவருக்கும் நன்றி. துவாரகா தம்பி சொன்னதுபோலச் சம்பந்தியம்மாவிடம் முதலில் நேரில் பேசினேன். நான் கண்டதைச் சொன்னபோது, தம் தங்கை திருமணத்தில் குதிரை மிரண்டு மணமகன் விழுந்ததை அவரே நினைவுகூர்ந்தார். குதிரை வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். ஆனால் குதிரைக்குப் பருப்பு ஊட்டும் சடங்கைத் தம் தாயார் நினைவாக அவர் போற்றுகிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இதுவரை மூன்று குதிரை லாயங்களுக்குப் போய் வந்தோம். முதல் இடத்தில் கடிவாளத்தைக் கழற்றிக் காட்ட மறுத்துவிட்டார்கள். இரண்டாம் இடத்தில் உதட்டோரத்தில் ஆறாத புண் இருந்தது. மூன்றாவது இடத்தில் இருந்தவர் வயதானவர். கேட்பதற்கு முன்பே கடிவாளத்தை என் கையில் கொடுத்தார். அவர் பெண்குதிரைக்கு வயது பன்னிரண்டு. என் மகனைப் பார்த்துவிட்டு, இவர் எடைக்குக் கடைசி நூறு அடி மட்டும் போதும் என்று அவரே சொன்னார். அதற்குமேல் நான் வேறெங்கும் தேடவில்லை. முழு மாலைக்கும் உரிய கூலியைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டேன். பேரன் குதிரையில் ஏறாமல் அப்பாவின் தோளில் வருவான். என் மகன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் வர ஒப்புக்கொண்டிருக்கிறான்.

ஐயாவிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும். என் இரண்டு மகள்களும், சம்பந்தி வீட்டுப் பெண்கள் ஆறேழு பேரும் ஆளுக்கொரு பிடி பருப்பு ஊட்டப் போகிறார்கள். அதனால் குதிரைக்குக் கேடு வருமா? அதன் வாயருகே கையை எப்படி நீட்டுவது?

பதில்: பாலம் காலனி, ஓய்வுபெற்ற ராணுவத்தினர்

நல்ல இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள், சகோதரி. எல்லோருக்கும் சேர்த்து இரண்டு கைப்பிடிப் பருப்பே போதும். ஆளுக்குச் சில பருப்புகள் வரும்படி பிரித்துக் கொடுங்கள். குதிரையின் உடலோடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. அதனால் தவறான தீனி வயிற்றில் தங்கினால் கோலிக் என்னும் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். லட்டு, பர்ஃபி எதையும் யாரும் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பருப்பை ஆறு மணி நேரமாவது ஊறவைத்து, கழுவி, நீரை வடித்துவிட்டுக் கொண்டுபோங்கள். அதற்கு முன்னால் குதிரைக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா என்று அந்தப் பெரியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேர் முன்னால் போய் நிற்க வேண்டாம். தோளுக்குப் பக்கவாட்டிலிருந்து, மெல்லப் பேசிக்கொண்டே நெருங்கச் சொல்லுங்கள். உள்ளங்கையைத் தட்டுப்போல விரித்து, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மூக்குக்குக் கீழே இருப்பது குதிரையின் கண்ணுக்குத் தெரியாது. மேலுதட்டின் மயிரால் தடவித் தேடித்தான் அது பருப்பை எடுக்கும். அப்போது கூச்சத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துவிடக் கூடாது. வளையல் அணிந்த கையாக இருந்தால், முதலில் தொலைவில் நின்று ஒருமுறை குலுக்கி அந்த ஓசையைக் கேட்கச் செய்துவிட்டு, பிறகு நீட்டச் சொல்லுங்கள்.